அடி ஓரத்தில் பச்சை மை

மாலை நேரச் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினைந்து வேலைநாள் உட்கார்ந்து எழுந்து வர வேண்டும். உட்கார்ந்ததற்குச் சாட்சி ஒரு படிவம். அதில் பதினோரு கேள்விகள். பத்துக்கு டிக் அடித்தால் போதும். பதினோராவதற்கு மட்டும் வக்கீல் தன் கையால் பதில் எழுத வேண்டும்: 'ஆவணங்களை இவரிடம் நம்பி ஒப்படைக்கலாமா?' அந்த இடம் காலியாக இருந்தாலும், 'கூடாது' என்றிருந்தாலும் இறுதித் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போச்சு.

மூன்றாம் ஆண்டு மாணவியான அவள் அந்தப் படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை நாட்குறிப்புக்குள் வைத்து, நாட்குறிப்பைப் பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பையும் இழுத்துவிட்டிருந்தாள். அப்படியும் பேருந்தில் இரண்டு தடவை திறந்து பார்த்தாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். தான் செய்தது சரிதானா என்ற சந்தேகம் தீரவே தீராது என்பதால்தான் நாட்குறிப்பே எழுதினாள். எத்தனை மணிக்கு, என்ன, யார் சொல்லி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

பகலில் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் வேலை. பதினைந்து நாள் லீவு கேட்டபோது அவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "போயிட்டு வா வக்கீலம்மா. அங்கேயும் ஜெராக்ஸ் எடுக்கத்தான் சொல்வாங்க. கடை மானத்தைக் காப்பாத்து."

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. வியாபார ஒப்பந்தங்களை மட்டும் பார்க்கிற வக்கீல் நிறுவனம். கோர்ட்டுப் பக்கமே போவதில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டின் தோள்களில் தூசி படிந்திருந்தது. நிறுவனத்தை நடத்திய வக்கீலை எல்லோரும் மேடம் என்றார்கள். மேடத்தின் அறைக்கு வெளியே, கையில் ஓரடி நீள ஸ்டீல் ஸ்கேலோடு, தலைமை எழுத்தர் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர்.

"நீதான் இந்த வருஷத்துப் பதினஞ்சு நாளா?"

"என் பேரு..."

"பேரெல்லாம் பதினாறாவது நாளும் வந்தா கேட்டுக்கறேன். வருஷத்துக்கு ஒண்ணு வரீங்க, எத்தனை பேரை ஞாபகம் வச்சுக்கறது? வா, பதினஞ்சு நாள். அந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடு."

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒப்பந்தத்தின் வரைவில் மேடம் பேனாவால் திருத்துவார். திருத்தியதை டைப்பிஸ்ட் புதிதாக அடித்துக் கொடுப்பார். கையால் எழுதியதைக் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுச் சொல்லாது. ஆகவே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒத்துப் படிக்க வேண்டும். ஒருவர் புதுப் பிரதியை உரக்கப் படிப்பார், கால்புள்ளி, அரைப்புள்ளி, புதுப் பத்தி எல்லாவற்றையும் வாயால் சொல்லி. மற்றவர் திருத்திய மூலத்தை வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஸ்கேலை நகர்த்திக் கேட்பார். எதிரில் இருப்பதைப் படிப்பதோடு படிப்பவர் வேலை முடிந்தது. எது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது கேட்பவர் பாடு. முடிந்ததும் இருவரும் ஒரு சீட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அந்தச் சீட்டு இருந்தால் மேடம் மறுபடி படிப்பதில்லை.

இருபது வருடமாகக் கேட்பவள் ஸ்கேல் அக்காதான். மாணவி படித்தாள், அக்கா கேட்டாள்.

"முகத்தைத் தூக்கு. பேப்பருக்கா படிக்கிறே, எனக்கா?"

தன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது போலும் என்று அவள் கூசிப்போனாள். 'நாள் 3. குறை: தலை குனிகிறது. ஐந்து முறை சொல்லப்பட்டது' என்று எழுதினாள். நான்காம் நாள் நான்கு முறை. முன்னேற்றம்தான்.

பத்தாம் நாள் கண்மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். தன் சொட்டுமருந்துகளை ஒரு குளிர்க்கிடங்கில் வைப்பதற்கான ஒப்பந்தம், அறுபத்திரண்டு பக்கம். குறிப்பெடுக்க அவளையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள்.

"எல்லாம் சரி மேடம். மெஷின் நின்னுபோனா எனக்கு ஒரு போன் பண்ணணும். அதை எங்கே எழுதியிருக்கீங்க?"

"பதினாலாவது பிரிவு. 'நியாயமான நேரத்திற்குள்'னு இருக்கே."

"நியாயமான நேரமா! போன கிடங்குக்காரன் ரெண்டு நாள் கழிச்சு சொன்னான் மேடம். கேட்டா, ஞாயித்துக்கிழமையாச்சே, உங்களை ஏன் தொந்தரவு பண்ணணும்னு பாத்தோம்ங்கறான். கண்ணுல விடற மருந்து. நாலாயிரம் பாட்டில். கொட்டறதுக்கு நானே நின்னு குழி வெட்டினேன்."

மேடம் பேனாவைத் திறந்தார். பச்சை மை. பதினான்காவது பிரிவு இருபத்து மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியோடு முடிந்தது. கீழே மிச்சமிருந்த வெள்ளை ஓரத்தில் நெருக்கி நெருக்கி இரண்டு வரி எழுதினார்: குளிரூட்டும் இயந்திரம் எக்காரணத்தால் நின்றாலும் ஒரு மணி நேரத்திற்குள் பொருளின் உரிமையாளருக்குத் தொலைபேசியிலும் எழுத்திலும் தெரிவிக்க வேண்டும். விடுமுறை நாள் இதற்கு விலக்காகாது.

அன்று மாலை அவள் நாட்குறிப்பின் இடப்பக்கத்தில் கம்பெனிக்காரர் பேசியதையும் வலப்பக்கத்தில் மேடம் எழுதியதையும் எழுதி வைத்தாள். ஒரு மனிதனின் புலம்பல் சட்டமாவதை அவள் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அக்கா அந்த வரைவை அவளிடம் நீட்டினாள். "டைப்பிஸ்டுக்கு ஒரு காப்பி போடு. மூலம் என் மேஜைக்குத் திரும்பி வரணும்."

பத்து நாளில் முதல் தடவையாக அவளுக்குத் தெரிந்த வேலை. மெஷினும் கடையில் இருக்கிற அதே வகை. விரல்கள் தாமாகவே பொத்தான்களைத் தேடிப் போயின. கறுப்பு ஓரம் இல்லாமல், கோணல் இல்லாமல், அறுபத்திரண்டு தாளும் பளிச்சென்று வந்து விழுந்தன. அக்கா புரட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, கைத்தொழில் இருக்கு. வக்கீல் வேலை ஓடலேன்னாலும் பிழைச்சுப்பே" என்றாள். அதையும் அவள் நாட்குறிப்பில் எழுதி வைத்தாள்.

பதின்மூன்றாம் நாள் ஒத்துப் படிக்கும் நாள். மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கையெழுத்து. ஜன்னல் அறையில் யாரோ கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்ததால் இருவரும் கோப்பறைக்குப் போனார்கள். சுவரோடு சுவராக அலமாரிகள், நடுவில் ஒரு மேஜை, அவள் முதுகுக்கு நேர் பின்னால் ஒற்றை ட்யூப்லைட். அக்கா நாற்காலியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு, "ம், ஆரம்பி" என்றாள்.

நாலரை மணி நேரம் ஆயிற்று. அப்படிப் படிக்கும்போது பொருள் மனசில் ஏறாது. வாயில் கால்புள்ளியும் அரைப்புள்ளியும்தான் உருளும். அக்கா அன்று ஒரு தடவைகூட முகத்தைத் தூக்கச் சொல்லவில்லை. ஒரு வழியாகத் தேறிவிட்டோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சீட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மாலை வகுப்பில் ஆசிரியர் இன்னும் வரவில்லை. அவள் நாட்குறிப்பைத் திறந்து எழுதத் தொடங்கினாள்: '4. பத்தாம் நாள் என் கண் முன்னால் எழுதப்பட்ட வரியை இன்று என் வாயாலேயே...' பேனா நின்றது. தொலைபேசியிலும் எழுத்திலும். விடுமுறை நாள் விலக்காகாது. அந்தச் சொற்கள் நாக்கில் பட்ட ஞாபகமே இல்லை. அறுபத்திரண்டு பக்கத்தில் இரண்டு வரி ஞாபகமில்லாமல் போகக் கூடாதா என்ன? அக்கா கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்? ஆசிரியர் வந்தது, பாடம் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

வகுப்பு முடிந்து கடைக்குப் போனாள். கடைசி வாடிக்கையாளர் ஒரு பழைய பத்திரத்தோடு நின்றார். சித்தப்பா கையில் மை என்பதால் அவளே தாளை வைத்துப் பொத்தான்களை அழுத்தினாள். மூன்றாவது பொத்தானில் விரல் நின்றது. ஓரத்தை அழிக்கிற பொத்தான். தாளின் நாலு பக்கமும் கறுப்புக் கோடு விழாமல் இருக்க, கடையில் எல்லாப் பிரதிக்கும் அழுத்துவது.

"சித்தப்பா, இதை நான் எப்பவுமே அழுத்துவேனா?"

"அழுத்தாம விட்ட நாள் எது? கறுப்பு ஓரம் வந்தா கஸ்டமர் மூஞ்சியும் கறுத்துடும்னு நானே சொல்லிக் குடுத்ததுதானே?"

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அடி ஓரத்தில் இரண்டு வரி கிறுக்கி, பிரதி எடுத்தாள். பிரதியில் வரிகள் இல்லை. மேல் வரியின் கொம்பும் சுழியும் மட்டும் நாலைந்து புள்ளியாக, அழுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

விஷயத்தைச் சொன்னாள். சித்தப்பா தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "மெஷின் மேல பழியைப் போடு. மெஷின் வக்கீல் வச்சு வாதாடாது" என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும், "நீ போட மாட்டே. தெரியும். படிவத்துல கையெழுத்து வாங்கிட்டியா?" என்று கேட்டார்.

"நாளன்னைக்கு."

"அடடா" என்றார் சித்தப்பா.

பதினான்காம் நாள் எட்டரைக்கே போய்விட்டாள். அலுவலகத்தைத் திறப்பது அக்காதான். முதுகைக் காட்டியபடி அலமாரியில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

பதில் இல்லை. "அக்கா" என்று இன்னொரு முறை கூப்பிட்டாள். கோபமாக இருக்கிறாளோ? மூன்றாவது தடவை கொஞ்சம் கத்தியே கூப்பிட்டாள். அக்கா ஒரு கோப்பை எடுத்துத் தூசி தட்டினாள். அவள் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெஞ்சில் கைவைத்தாள்.

"பேய் மாதிரி வந்து நிக்கிறே! கூப்பிடக் கூடாதா?"

ஜன்னல் பக்கம் திருப்பிய நாற்காலி, முகத்தைத் தூக்கு, பேப்பருக்கா எனக்கா, முதுகுக்குப் பின்னால் ட்யூப்லைட். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இடத்தில் உட்கார்ந்தன.

"அக்கா, நேத்து பதினாலாவது பிரிவோட கடைசி ரெண்டு வரி... நான் படிச்சேனா?"

"படிக்காம? டிக் இருக்கு, பாரு." அக்கா மூலத்தைப் புரட்டினாள். பச்சை வரிகளுக்குப் பக்கத்தில் பென்சில் டிக்.

அவள் புதுப் பிரதியை எடுத்து அருகில் வைத்தாள். பதினாலாவது பிரிவு முடிந்து, உடனே பதினைந்து. நடுவில் எதுவும் இல்லை. டைப்பிஸ்டின் தட்டிலிருந்து தான் போட்ட காப்பியையும் உருவி வைத்தாள்.

"இது என் தப்பு அக்கா. ஓரம் அழிக்கிற பொத்தானை அழுத்திட்டேன். கடைப் பழக்கம்."

அக்கா மூன்று தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "டைப்பிஸ்ட் ஒன்பது மணிக்கு வருவான்" என்றாள் மெல்ல. "ஒரு பக்கம். பத்து நிமிஷம். மாத்திச் சொருகிடலாம். உன் படிவத்துக்கும் பங்கம் வராது."

படிவம் பைக்குள் இருந்தது. பைவாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆசையாகத்தான் இருந்தது. "மத்த அறுபத்தோரு பக்கம்?" என்றாள்.

"அதுக்கென்ன?"

"நேத்து அதெல்லாம் உங்களுக்கு... கேட்டுதா அக்கா?"

அக்கா ஸ்கேலை எடுத்தாள், வைத்தாள். அவளைச் சுட்டெரிக்கிற மாதிரி பார்த்தாள்.

"நான் சின்னக் குரல்ல படிச்சேன்னு சொல்லிடறேன்" என்று அவள் அவசரமாகச் சொன்னாள். "என் மேலயே இருக்கட்டும்."

"பைத்தியம். நீ மைக் வச்சு கத்தியிருந்தாலும் இல்லாத வரி எப்படிக் காதுல விழும்? இல்லாத வரிக்கு டிக் போட்டது யாருன்னு மேடம் முதல் கேள்வியிலேயே பிடிச்சுடுவாங்க." அக்கா சிரிக்கப் பார்த்தாள், அது சிரிப்பாக முடியவில்லை. மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். ரப்பர் பேண்டு போட்ட சின்னப் பெட்டி. உள்ளே தோல் நிறத்தில், முந்திரிப் பருப்பு அளவில் ஒரு காது மெஷின்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. வலது சுத்தமா போச்சு. இடது கொஞ்சம் இருக்கு. வெளிச்சத்துல உக்காந்தா உன் வாயைப் பாத்தே ஓட்டிடுவேன். நேத்து உன் முகம் வெறும் இருட்டு. நீ பக்கம் திருப்பினப்பல்லாம் நானும் டிக் போட்டுத் திருப்பினேன்."

"இதை மாட்டிக்கலாமே அக்கா?"

"மாட்டினா பேப்பர் திருப்பறது இடி இடிக்கிற மாதிரி கேக்குது. அதோட, பாத்தா கேப்பாங்கல்ல? கேட்டா ஸ்கேலை வாங்கிட்டு சாவியை மட்டும் விட்டுவைப்பாங்க. கதவைத் திற, கதவைப் பூட்டு. அதுக்கா இருபது வருஷம்?"

லிப்ட் மேலே ஏறிவரும் சத்தம் கேட்டது. அக்காவுக்குக் கேட்டிருக்காது. "மேடம் வராங்க" என்று அவள் முகத்தைத் தூக்கிச் சொன்னாள்.

மேடத்தின் அறைக்குள் இருவரும் போனார்கள். அவள்தான் முதலில் பேசினாள். பொத்தான், ஓரம், இரண்டு வரி, எத்தனை மணிக்கு எடுத்த பிரதி என்பதுவரை வரிசையாகச் சொன்னாள். மேடம் கேட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா இந்த டிக் எப்படி வந்தது?"

"நேத்து படிச்சது செல்லாது மேடம். முழுசும் திரும்பப் படிக்கணும். எனக்குக் கேக்கல. நேத்து மட்டுமில்ல." அக்கா பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

மேடம் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். கேள்வியில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் என்று அவளுக்குப் பட்டது. அது தன் கற்பனையாகவும் இருக்கலாம்.

"கையெழுத்தை நாலு மணிக்கு மாத்தறேன். டைப்பிஸ்ட் வந்ததும் அந்த வரியைச் சேக்கட்டும். இன்னிக்கு நீங்க படிங்க, இவ கேக்கட்டும்." பிறகு குரல் மாறாமல், "ரெண்டு வருஷமா நீங்க கேட்ட ஃபைல் அத்தனைக்கும் லிஸ்ட் வேணும். ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கணும். நீங்களே எடுத்து வைங்க. இதை மாட்டிக்கிட்டு."

ஜன்னல் அறை காலியாக இருந்தது. ஸ்டீல் ஸ்கேலை அக்கா அவள் பக்கம் தள்ளினாள். அது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அக்கா படித்தாள். தன் குரலின் அளவு தெரியாததால் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தாள். வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வரிக்கு வரி ஸ்கேலை நகர்த்தியபடி அவள் கேட்டாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி இரண்டு தடவை வந்திருந்தது. அட்டவணையில் ஒரு தேதி மாறியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் கை தூக்கியபோது அக்கா நிறுத்தி, "ம், நல்லா கேக்குது உனக்கு" என்றாள். கிண்டலா, பாராட்டா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலு மணிக்குக் கம்பெனிக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த போன் விஷயம் இருக்கில்ல?"

மேடம் இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் உதடு அசைய, விரலை வைத்துப் படித்தார். "ஞாயித்துக்கிழமையும் சேத்துத்தானே?"

"சேத்துத்தான்."

கையெழுத்துப் போட்டார்.

பதினைந்தாம் நாள் மாலை படிவத்தை மேடத்தின் முன்னால் வைத்தாள். மேடம் பத்துக் கேள்விக்கும் மளமளவென்று டிக் அடித்தார். பதினோராவதில் பேனா நின்றது. பிறகு எழுதினார், அதே பச்சை மையில்: 'ஒப்படைக்கலாம். இவர் எடுக்கும் நகலை மூலத்தோடு ஒருமுறை ஒத்துப் பார்ப்பது நல்லது. தவறு நேர்ந்தால் இவரே வந்து சொல்வார்.'

பேருந்தில் அதை ஏழு தடவை படித்தாள். நல்லதாகவும் இருந்தது, கெட்டதாகவும் இருந்தது. இரண்டாவது வாக்கியத்தைக் கல்லூரியில் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று இரவெல்லாம் புரண்டாள்.

காலையில் கல்லூரி அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னாலிருந்தவர் படிவத்தை வாங்கி, நேரே அடிப்பகுதிக்குப் போனார்.

"கையெழுத்து இருக்கு. ஆபீஸ் சீல் எங்கே?"

"சார், பதினோராவது பதிலை ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்."

"அதை எதுக்கும்மா நான் படிக்கணும்? சீல் வாங்கிட்டு வா."

ஆக, பதினாறாவது நாளும் அவள் மூன்றாவது மாடி ஏறினாள். ஸ்கேல் அக்காவின் மேஜை தெரியவில்லை. இரண்டு வருடக் கோப்புகள் மேஜையிலும் நாற்காலியிலும் தரையிலும் அடுக்கடுக்காக நின்றன. அவற்றுக்கு நடுவே அக்கா, காதில் அந்த மெஷினோடு, ஒவ்வொரு தாள் திருப்பும்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிவத்தை வாங்கிச் சீலை ஓங்கிக் குத்தினாள். தன் சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டாள். பிறகு பதினோராவது பதிலை நிதானமாக, முழுவதும் படித்தாள்.

"ம்" என்றாள். "பதினாறாவது நாளும் வந்துட்டே. பேரென்ன?"

அவள் படிவத்தை உறைக்குள் போட்டபடியே சொன்னாள்.

"முகத்தைத் தூக்கிச் சொல்லு."